முதியோரைப் பேணும் வீடுகளுக்கு: உதவி எந்த வாசலில்?



குடும்பங்களுக்குப் பயன்படத்தக்க செய்தி ஒன்றை மாதந்தோறும் எடுத்துரைப்பது இப்பகுதியின் வழக்கம். பிள்ளைகளின் படிப்பு, உபகாரச் சம்பளம், வேலைவாய்ப்பு என்பன நம் மன்றங்களில் அடிக்கடி பேசப்படுகின்றன. வீட்டின் மூலையில் கட்டிலோடு இருப்பவரைப் பற்றியும், இரவும் பகலும் அக்கட்டிலைச் சுற்றி உழலும் பெண்மணியைப் பற்றியும் நாம் பேசுவது மிகக் குறைவு. ஆகையால் இம்மாதம் மூத்தோரைப் பேணும் வீடுகளுக்கு எங்கெங்கே எவ்வெவ்வுதவி கிடைக்கும் என்பதை இயன்ற அளவு தொகுத்துக் கூற விழைகின்றேன்.

மூடிய வாசல்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது முதல், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங் கூட்டமாக வந்து குடியேறினர். லைன் வீடும், வேலையும், நோய் கண்டால் செல்ல ஆஸ்பத்திரியும் கம்பெனியின் பொறுப்பாகவே இருந்தன. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. நிர்வாகம் மாறினும் ஆஸ்பத்திரி வாசல் மட்டும் மாறவில்லை. தொழிலாளிக்கும் அவன் மனைவி மக்களுக்கும் எந்நோய்க்கும் அவ்வொரு வாசலே போதுமாயிருந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று நாற்பது வயதில் வேலையிழந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அன்று ஐம்பதைத் தாண்டியவர் எழுபதையும் தாண்டிவிட்டார். அவர்தம் மக்களோ பிழைப்பை நாடிப் பெங்களூர் செல்கின்றனர். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் பொழுது புலருமுன் வண்டியேறுவோர், விளக்கு வைத்து நெடுநேரம் கழித்தே வீடு திரும்புகின்றனர். அவ்விடைவேளை முழுதும் வீட்டில் இருப்பவர் முதியவர். அவரைப் பார்த்துக் கொள்பவரோ பெரும்பாலும் மற்றொரு முதியவர், அல்லது கைக்குழந்தையுடன் கூடிய மருமகள்.

பழைய வாசல் மூடியது; அதற்கீடாக ஒரே வாசல் எதுவும் திறக்கவில்லை. ஆயினும் சிறு சிறு வாசல்கள் பல உள்ளன. மருத்துவத்திற்கு ஓரிடம், உதவித் தொகைக்கு மற்றோரிடம், நியாயத்திற்கு வேறோரிடம் எனச் சிதறிக் கிடக்கும் அவற்றை அறியாமையால், உரியது கிடைக்காமலே மறைந்த பெரியோர் பலர். இவ்வறியாமையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காகிதங்கள்

எந்த அலுவலகத்தின் படியேறினாலும் முதற்கண் கேட்கப்படுவது காகிதம். நம்மவர்க்கு நேரும் இடையூறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. சுரங்கச் சான்றிதழில் ‘முனுசாமி’ என்றிருக்கும். ஆதார் அட்டையில் ‘முனிசாமி’ என்றிருக்கும். வங்கிப் புத்தகத்தில் ‘முனியசாமி’ என்றிருக்கும். பிறந்த ஆண்டு மூன்றிலும் மூன்று விதம். மனிதர் ஒருவரே என்பது ஊரறிந்த செய்தி. கணிப்பொறிக்கு அது தெரியாது. ஆதலின் பெரியவர் நலமாக நடமாடும் காலத்திலேயே பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்கிக் கொள்க. படுத்த பின் அவரைத் தூக்கிச் சென்று திருத்துவது பெருந்துன்பம்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பணிச் சான்றிதழ், வைப்புநிதி ஓய்வூதிய ஆணை, மருத்துவச் சீட்டுகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றையும் அவற்றின் நகல்களையும் ஒரே பையில் வைத்து, அது இருக்குமிடத்தை வீட்டார் அனைவர்க்கும் தெரிவித்து வைத்தல் நன்று. நள்ளிரவில் மூச்சு முட்டும்போது பெட்டியைக் குடைந்து கொண்டிருத்தல் ஆகாது.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொரு முறை உயிர்ச் சான்று அளித்தல் வேண்டும். வைப்புநிதி ஓய்வூதியத்தார் எம்மாதத்திலும் அளிக்கலாம். அளித்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். 2014 நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ முறைப்படி இதனைப் பொதுச் சேவை மையத்திலோ வங்கியிலோ அஞ்சலகத்திலோ செய்து கொள்ளலாம். நடக்க இயலாதவர்க்கு அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். 

இங்கு ஒரு சங்கடம். 1930ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த வயல் இது. அவ்வயலின் முதியோர் இன்று, ‘ரேகை விழவில்லை’ என்று திருப்பியனுப்பப்படுகின்றனர். கல்லும் துரப்பணமும் தேய்த்த விரல்களில் ரேகை எங்கிருந்து விழும்? இத்தகையோர் மனந்தளர வேண்டா. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறை 2021 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வைப்புநிதி ஓய்வூதியத்திற்கும் அது பின்னர் ஏற்கப்பட்டது. ‘முகப்பதிவு செய்து தாருங்கள்’ என்று கேட்டுப் பெறுதல் வேண்டும்.

எழுபது வயதைக் கடந்தோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் பணம் எடுத்தல், செலுத்துதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டு வாசலிலேயே செய்து தருமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளைப் பணித்தது. தத்தம் வங்கிக் கிளையில் ஒரு மனு எழுதிக் கேட்பது தகும்.

மருத்துவம்

ஆபத்து நேரின் 108க்குத் தொலைபேசினால் ஆம்புலன்ஸ் வரும். 104 என்ற எண்ணில் உடல்நலம் பற்றிய ஆலோசனை கிடைக்கும். இவ்விரு எண்களையும் சுவரில் பெரிதாக எழுதி வைத்தல் நலம்.

நாட்பட்ட நோய்களுக்கு முதலில் நாட வேண்டியது ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை. அங்கு இயலாதவற்றிற்கு, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் நகரில் ஸ்ரீ நரசிம்மராஜ மாவட்ட மருத்துவமனை உள்ளது. தமகா என்னுமிடத்தில் ஆர். எல். ஜாலப்பா மருத்துவமனை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகின்றது. பெங்களூர்தான் கதி என்று எடுத்த எடுப்பில் வண்டியேறுவதற்கு முன்னால், இவற்றில் ஆவது எது என்று கேட்டறிதல் பணத்தையும் உடலையும் காக்கும்.

2010-11இல் மத்திய அரசு முதியோர் உடல்நலத்திற்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனிப் புறநோயாளர் பிரிவும் பத்துப் படுக்கைகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் முதியோர் சிகிச்சையும் அத்திட்டத்தில் அடங்கும். மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனி வரிசை வேண்டுமெனச் சட்டமே கூறுகின்றது. ‘முதியோர் பிரிவு எந்த நாள், எந்த அறை?’ என்று கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அங்குள்ளனர். கேளாதவர்க்குப் பொது வரிசையே மிஞ்சும்.

வீடு தேடி வரும் மருத்துவமும் நமக்குப் புதியதன்று. கர்நாடக அரசின் ‘கிருக ஆரோக்கிய’ திட்டம் 2024ஆம் ஆண்டில் முதன்முதலாக நம் கோலார் மாவட்டத்திலேதான் தொடங்கப்பெற்றது. முப்பது வயதைக் கடந்தோரை வீட்டிலேயே சோதித்து, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலியவற்றைக் கண்டறிந்து மருந்தளிப்பது அதன் நோக்கம். தத்தம் தெருவுக்குரிய ஆஷா பணியாளர் யார் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. படுக்கையிலுள்ளவர் இன்னார் என்று அவரிடம் பதிந்து வைத்தாலன்றி, வருபவர்க்கு அவ்வீடு தெரிய வழியில்லை. எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாடெங்கும் இத்தகைய பணியைச் செய்கின்றது. அப்பக்கம் பெற்றோரை விட்டு வந்திருப்போர் அதனை விசாரிக்கலாம்.

நமக்கே உரிய நோய் ஒன்றுண்டு. பாறைத் தூளைச் சுவாசித்தவர் நுரையீரலில் அத்தூள் தங்கி வடுவாகும் சிலிகோசிஸ் நோய், வேலையை விட்ட பின்னும் வளரக் கூடியது. அதனை முற்றும் நீக்கும் மருந்தில்லை. ஆயினும் சிலிகோசிஸ் உடையவரைக் காசநோய் எளிதில் பற்றும். அக்காசநோயோ மருந்தினால் குணமாவது. ஆகவே, ‘சுரங்கத்து இருமல்தானே’ என்று ஒதுக்கிவிடாமல், இரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும், உடல் இளைப்புக்கும், மாலைக் காய்ச்சலுக்கும் சளிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். காசநோய் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டவுணவிற்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருத்துவரிடம் செல்லும்போது, ‘இவர் சுரங்கத்தின் உள்ளே இத்தனை ஆண்டு வேலை செய்தவர்’ என்று தவறாமற் கூறுக. வெளியூர் மருத்துவர் அதனைத் தாமாக அறியார்.

செலவைப் பொறுத்தவரை, ஏழைக் குடும்ப அட்டை உடையோர்க்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. எழுபது வயதைக் கடந்தோர் அனைவர்க்கும் வருமானம் பாராது இவ்வுதவியை விரிப்பதாக மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கி வைத்தது. எந்த மருத்துவமனையில் எந்நோய்க்கு இது செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்னரே, அங்குள்ள ‘ஆரோக்கிய மித்ரா’ என்னும் அலுவலரைக் கண்டு உறுதி செய்து கொள்க. சேர்ந்த பின் கேட்பதில் பயனில்லை.

இனிக் குணமாகாது என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளர்க்கும் ஓர் இடமுண்டு. பெங்களூரில் 1994இல் தோன்றிய அறக்கட்டளையொன்று நடத்தும் ‘கருணாஸ்ரயா’, இறுதிக் காலத்து வலியைத் தணித்துக் கட்டணமின்றிப் பேணுகின்றது. வலியோடு இறப்பதுதான் விதி என்று எண்ணிக் கொண்டிருப்போர் இதனை அறிதல் வேண்டும்.

மறதியும் மனக் குழப்பமும்

சாப்பிட்ட சற்று நேரத்தில், ‘எனக்குச் சோறு போடவில்லை’ என்று அண்டை வீட்டில் போய் முறையிடும் ஆயாவையும், இல்லாத ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக் கொண்டு கிளம்பும் நைனாவையும் நாம் கண்டதுண்டு. மருமகள் பட்டினி போடுகிறாள் என்று தெருவே பழி கூறும். பெரியவர் வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்று வீட்டார் கடிந்து கொள்வர். இருசாராரும் குற்றமற்றவர், குற்றம் மூளையைப் பற்றிய நோயினுடையது.

2023இல் வெளிவந்த ஆய்வொன்று, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயுடையவர் என மதிப்பிட்டது. கர்நாடக அரசும் நிம்ஹான்ஸ் நிறுவனமும் 2022 ஜனவரியில் தொடங்கிய மூளை நலத் திட்டத்தில், முதலில் எடுத்துக் கொள்ளப்பட்ட மாவட்டங்களுள் கோலாரும் ஒன்று. மாவட்ட மருத்துவமனையில் மூளை நலப் பிரிவு எந்நாளில் நடைபெறும் எனக் கேட்டு அழைத்துச் செல்க. முழுதும் மாற்ற இயலாவிடினும், சத்துக் குறைவாலோ தைராய்டுக் கோளாறாலோ உட்கொள்ளும் மருந்தாலோ வந்த மறதியைக் கண்டு திருத்த இயலும். வீட்டை விட்டுத் தாமே வெளியேறும் வழக்கமுடையவரின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வைத்தல் நன்று. இரயில் நிலையத்தில் வேலை செய்வோர் இத்தகைய பெரியோரைக் காண்பது அரிதன்று. சீட்டுள்ளவர் அன்றே வீடு சேர்வார்.

உதவித் தொகைகள்

வறிய குடும்பத்து முதியோர்க்கு அரசு மாதந்தோறும் உதவித் தொகை அளிக்கின்றது. 60 முதல் 64 வயது வரை 800 ரூபாயும், 65க்கு மேல் 1,200 ரூபாயும் இப்பொழுது வழங்கப்படுகின்றன. அமைப்பு சாராத் தொழில் செய்து 65 வயதைக் கடந்தோர்க்கு, 2007இல் தொடங்கிய ‘சந்தியா சுரக்ஷா’ திட்டத்தின்கீழ் 1,200 ரூபாய் உண்டு. வேறு ஓய்வூதியம் பெறுவோர்க்கு இது உரியதன்று. ஆதரவற்ற கைம்பெண்களுக்கு 800 ரூபாய் உண்டு. இவற்றிற்கெல்லாம் வருமான வரம்பும் உள்ளது. மனுக்களை நாட கச்சேரியில் அளித்தல் வேண்டும். மனு கொடுத்ததற்கான ரசீதைப் பெறாமல் திரும்பலாகாது. அலைச்சல் நேர்ந்தால் அவ்வெண்ணே உமக்குச் சாட்சி.

உடற்குறையுடையோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலத்திற்கென மாநில அரசில் தனி இலாகா உள்ளது. மாவட்ட அலுவலகம் கோலாரில் இருக்கின்றது. மூத்த குடிமக்கள் அடையாள அட்டை இவ்விலாகாவினுடையது. பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர் உடற்குறைச் சான்றும் பெறலாம் என்பது பலர்க்குத் தெரியாது. நகரசபையிலும் பஞ்சாயத்துகளிலும் மறுவாழ்வுப் பணியாளர் என்றே இதற்கெனச் சிலர் அமர்த்தப்பட்டுள்ளனர். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். மூளைமுடக்குவாதம், தசைச் சிதைவு, பார்க்கின்சன் நோய் முதலியவற்றால் முடங்கியோரைப் பேணுபவருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிப்பதாக மாநில அரசு 2024-25ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததையும் அவ்வலுவலகத்தில் கேட்டறிக.

ஊன்றுகோல், நடைவண்டி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல் செட் ஆகியவற்றை வறிய முதியோர்க்கு இலவசமாக வழங்கும் ‘ராஷ்ட்ரீய வயோஸ்ரீ’ திட்டம் 2017 ஏப்ரலில் தொடங்கிற்று. வறுமைக் கோட்டின்கீழ் உள்ளோரும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவரும் தகுதியுடையோர். முகாம் நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக் கொள்க. கேட்காத காதும் தெரியாத கண்ணும் முதியவரை நான்கு பேர் நடுவிலும் தனியராக்கிவிடும். ஒரு சிறு கருவி அவரை மீண்டும் வீட்டுப் பேச்சில் சேர்த்துவிடும்.

சட்டம் தரும் காப்பு

பெற்றோரைக் கைவிடுதல் குற்றம் என 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே காத்துக் கொள்ள இயலாத பெற்றோரும், அறுபது வயதடைந்த பிறரும், மக்களிடமிருந்தோ தம் சொத்துக்கு உரியவராகும் உறவினரிடமிருந்தோ மாதம் 10,000 ரூபாய் வரை வாழ்க்கைப் படி கேட்கலாம். உபவிபாக அதிகாரியான அசிஸ்டென்ட் கமிஷனர் தலைமையில் நியாய மன்றம் கூடும். மனுவைத் தாமே வெள்ளைத் தாளில் எழுதலாம், வக்கீல் தேவையில்லை. அறிவிப்புச் சார்வு செய்த 90 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்பது விதி. எழுத இயலாதவர்க்கு உதவ இலவசச் சட்ட உதவிக் குழுக்கள் உள்ளன. அதற்கான தொலைபேசி எண் 15100.

சொத்தைப் பற்றி ஒரு சொல். ‘கடைசி வரை காப்பேன்’ என்ற வாய்ச் சொல்லை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தோர் எங்கும் உளர். பேணுவதை நிபந்தனையாக வைத்து அளித்த சொத்தை, பேணாத போது திரும்பப் பெற அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இடந்தருகின்றது. அந்நிபந்தனை நிறுவப்பட வேண்டுமென 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், முதியோர்க்குப் பயன்படும் வகையிலேயே இச்சட்டத்திற்குப் பொருள் கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பளித்துச் சொத்தை ஒரு தாய்க்கு மீட்டளித்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தானமாக எழுதும் பத்திரத்திலேயே, ‘என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுதும் பேண வேண்டும்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுக. மகனிடம் அன்பில்லாமையால் எழுதுவதன்று அவ்வரி. நாளை மகனுக்கும் பின்னால் வருபவர்க்கும் நினைவூட்டுவதற்காக எழுதுவது.

இவற்றுள் எதை எங்குக் கேட்பது என்று திகைப்போர்க்கு 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கின்றது. 2021 முதல் நாடெங்கும் இயங்கும் இம்முதியோர் உதவித் தொடர்பு, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை ஓய்வூதியம், சட்டம், கைவிடப்பட்டோர் மீட்பு ஆகியவற்றில் வழி காட்டும். 1978இல் தோன்றிய ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனத்தின் இலவச எண் 1800-180-1253. அடிதடி, துன்புறுத்தல் என்றால் தயங்காமல் 112ஐ அழைக்க.

பயணம்

இரயில்வே எழுத்தன் என்ற முறையில் என்னிடம் பலரும் கேட்பது மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை பற்றியே. அச்சலுகை 2020 மார்ச்சு 20 முதல் நிறுத்தப்பட்டது. எனினும் புற்றுநோய், காசநோய், சிறுநீரகம், இருதயம் முதலிய குறிப்பிட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெறச் செல்வோர்க்கும், குறிப்பிட்ட வகை உடற்குறையுடையோர்க்கும் சலுகை உண்டு. அவற்றுள் பலவற்றில் துணைக்குச் செல்பவர்க்கும் சலுகை சேரும். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தைக் கேட்டுப் பெற்று, பயணச் சீட்டு வாங்குமிடத்தில் காட்ட வேண்டும். அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தனியே உண்டு. சீட்டுப் பதியும்போதே அவ்வொதுக்கீட்டைக் குறிப்பிடுக. பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியும் கேட்டால் கிடைக்கும்.

கோலாருக்குச் செல்ல அரசுப் பேருந்தில் பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் கட்டணமில்லை. அறுபது கடந்த ஆண்களுக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து குறையும். முகவரி காட்டும் அட்டை கையிலிருக்க வேண்டும்.

பேணுபவரைப் பேணுவோர் யார்?

இதுகாறும் கூறியவை நோயாளியின் தேவைகள். இனி அவரைப் பேணும் பெண்ணைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். பெண் என்று நான் துணிந்து கூறுவதற்குக் காரணமுண்டு. மகனுக்கு ‘வேலை’ என்று ஒரு காரணம் கிடைத்துவிடுகின்றது. மருமகளுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் அது கிடைப்பதில்லை. படுத்த படுக்கையாயிருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் புண் விழும். அதற்காக இரவில் நான்கு முறை விழித்தெழும் பெண், காலையில் கணவனுக்குச் சோறு கட்டி வண்டிக்கு அனுப்பவும் வேண்டும். ஒரு வாரம் செய்தால் அது கடமை. ஓராண்டு துணையின்றிச் செய்தால் அவளே நோயாளியாவாள். காரணமின்றி அழுகையும், உறக்கமின்மையும், முதியவர் மீது எரிச்சலும், அவ்வெரிச்சலுக்குப் பின் தாங்கொணாத குற்ற உணர்வும் அவளது சோர்வின் அறிகுறிகள்.

இத்தகையோர் மனம்விட்டுப் பேசவும் அரசு வழி செய்துள்ளது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. பேசுவதால் வீட்டு மானம் போய்விடாது. அழைத்தவர் அண்டை வீட்டாரிடம் அழவில்லை, பயிற்சி பெற்றவரிடம் ஆலோசனை கேட்கின்றார்.

மற்றோர் உதவி நம் கையிலேயே உள்ளது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வீட்டிலிருக்கும் மகன், அன்று பகல் முழுதும் தந்தையின் கட்டிலருகே இருக்கட்டும், குளிப்பாட்டட்டும், மலசலம் எடுக்கட்டும். பெற்ற மகன் செய்வதற்குக் கூசும் பணியை வேறு வீட்டிலிருந்து வந்த பெண் நாள்தோறும் செய்கிறாள் என்பதை அன்று அவன் உணர்வான். மற்ற ஊர்களிலிருக்கும் சகோதரர்கள் பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், முறை வைத்துப் பதினைந்து நாள் வந்திருத்தல் நலம்.

கூலிக்கு ஆள் அமர்த்துவோர், வேலை நேரம், விடுமுறை, சம்பளம் ஆகியவற்றை முன்பே எழுதிக் கொண்டு, அடையாளச் சான்றும் வாங்கிக் கொள்க. முதியோர் இல்லத்தில் சேர்ப்போர், இரவில் பொறுப்பாளர் உண்டா, நோய் வந்தால் எம்மருத்துவமனைக்குக் கொண்டு செல்வர், நினைத்த நேரத்தில் சென்று பார்க்கலாமா என்ற மூன்றையும் கேட்டு, நேரில் கண்டு முடிவு செய்க. இல்லத்தில் சேர்ப்பவரெல்லாம் நன்றி கெட்டவரென்று தூற்றுவதும் தகாது. வீட்டில் பகலெல்லாம் பூட்டி வைப்பதினும், நல்ல இல்லத்தில் நான்கு பேரோடு இருப்பது மேலாகக் கூடும்.

சங்கம் செய்யத்தக்கது

அரசின் வாசல்கள் பல திறந்திருந்தும் நம்மவர் நுழைய மாட்டாமைக்குக் காரணங்கள் இரண்டு. படிவங்கள் கன்னடத்தில் இருக்கின்றன. முதியோரில் பலர் தமிழ் மட்டுமே படித்தவர், அல்லது எதுவுமே படியாதவர். இரண்டாவது, அழைத்துச் செல்ல ஆளில்லை. இரண்டிற்கும் பணம் வேண்டியதில்லை, ஆட்கள் வேண்டும்.

கேரளத்தில் இதற்கொரு முன்மாதிரி காண்கிறோம். 1993இல் கோழிக்கோட்டில் சிலர் வலி தணிப்பு மருத்துவச் சங்கமொன்றை நிறுவினர். சில ஆண்டுகளில், மருத்துவர் மட்டும் இதனைச் செய்து முடிக்க இயலாதெனக் கண்டு, மலப்புறம் முதலிய இடங்களில் ஊராரையே பயிற்றினர். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தர வல்லவர்கள், தம் தெருவிலுள்ள படுக்கை நோயாளிகளைச் சென்று காண்பதும், அவர்க்கு வேண்டியதை மருத்துவர்க்கும் பஞ்சாயத்துக்கும் தெரிவிப்பதும் அம்முறை. 2008இல் மாநில அரசே அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தொடங்கியவர் பெருஞ்செல்வரல்லர், அண்டை வீட்டாரே.

நம் வயலுக்கு இது அயலான கருத்தன்று. பௌத்த சங்கங்களையும் இரவுப் பள்ளிகளையும் படிப்பகங்களையும் தம் கூலியிலிருந்து நடத்தியவர்கள் இந்த லைன்களில் வாழ்ந்தவர்கள். எழுத்தறியாத தொழிலாளிக்குக் கடிதம் எழுதித் தருவதை அவர்கள் தொண்டாகச் செய்தனர். அத்தொழிலாளியே இன்று முதியவனாகி, மீண்டும் ஒரு தாளை நீட்டி, ‘தம்பி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்’ என்கின்றான்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, கன்னடம் கற்ற நம் பள்ளிப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவரையும் கொண்டு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் மனு எழுதித் தரும் மேசையொன்று போடப்பட வேண்டும். இரண்டாவது, லைன் ஒன்றுக்கு இருவர் வீதம், பகலில் தனித்திருக்கும் முதியோரைத் தினம் ஒருமுறை எட்டிப் பார்த்து வர வேண்டும். மூன்றாவது, சக்கர நாற்காலி, நடைவண்டி, காற்று மெத்தை ஆகியவை ஒரு வீட்டில் தேவை தீர்ந்த பின் பரணில் தூங்காமல், சங்கத்தின் வாயிலாக அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தத்தம் தெருவில் தனித்திருக்கும் முதியோர் யார், யார் படுக்கையில் உள்ளார், எவர்க்கு ஓய்வூதியம் நின்று போயிற்று என்பதை, அவரவர் இசைவு பெற்று, ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்த்தால், முதல் மேசையை எந்த லைனில் போடுவது என்பதை அச்சீட்டுகளைக் கொண்டே முடிவு செய்யலாம்.